மண்டபத்தை நடந்து பாருங்கள்: கல்யாண இடம் தேடத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான்கு இடங்கள் பார்த்தேன். மேடை எது அழகு, விளக்கு எது பிரமாதம், போட்டோவில் எது நன்றாக வரும் என்று பார்த்து ஒன்றை முடித்தேன். கல்யாணத்தன்று பாட்டியைக் கைத்தாங்கலாக முன்வரிசையில் உட்கார வைத்தோம். சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது, டைனிங் ஹால் கீழ்த்தளத்தில் இருக்கிறது, இறங்க இருபத்திரண்டு படி, லிஃப்ட் அந்தத் தளத்துக்குப் போகாது. பாட்டி படியின் தலைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "எனக்குப் பசியில்லப்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். பேத்தி கல்யாணத்தில் அவர் தனியறையில் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் படிகளை நான் முன்பே பார்த்திருந்தேன். பார்த்தேனே தவிர, பாட்டியின் காலை வைத்து யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு சொந்தத்திலும் நட்பிலும் யாருக்கு மண்டபம் தேடினாலும் கூடப் போகிறேன். நான் சொல்வது ஒன்றுதான். வரப்போகிறவர்களில் மிகவும் வயதானவர் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, அவர் வண்டியிலிருந்து இறங்கும் இடம் தொடங்கித் திரும்ப வண்டி ஏறும் வரை நடந்து பாருங்கள். அவருக்குச் சரிப்படும் இடம் எல்லாருக்கும் சரிப்படும்.

முதலில் தலைக்கணக்கு

இடம் தேடும் முன் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். இரண்டு வீட்டாரும் தனித்தனியாக, பெயர் பெயராக, குடும்பம் குடும்பமாக எழுத வேண்டும். "ஒரு ஐந்நூறு பேர் வருவார்கள்" என்று வாயால் சொல்வது கணக்கில் சேராது. அப்படிச் சொன்ன ஐந்நூறு, எழுதிப் பார்த்தால் சில வீடுகளில் முந்நூற்றைம்பதாக இருக்கும், சில வீடுகளில் எழுநூறைத் தாண்டும்.

எழுதி முடித்ததும் இன்னொரு எண்ணைப் பிரித்தெடுங்கள். மொத்தம் எத்தனை பேர் என்பது ஒன்று, ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது வேறு. மாலையில் வந்து வாழ்த்திவிட்டுக் கிளம்புகிற கூட்டமாக இருந்தால் மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எந்த நேரத்திலும் இருக்கும். எல்லாரும் ஒரே சடங்குக்காக வந்து உட்கார்கிற நிகழ்ச்சி என்றால் முழு எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் வந்துவிடும். மண்டபத்தின் அளவை முடிவு செய்வது இந்த இரண்டாவது எண்தான்.

தேதியைப் பொறுத்தவரை, முடிந்தால் இரண்டு மூன்று தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். ஒரே தேதியோடு போனால் கிடைத்த இடத்தை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

"ஆயிரம் பேர் உட்காரலாம்" என்றால்

எல்லா மண்டபத்திலும் ஒரு எண் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களும் ஒரு டேப்பை எடுத்துப் போய் அளந்து பாருங்கள். வரிசையாக நாற்காலி மட்டும் போட்டால் ஆளுக்கு 7 முதல் 10 சதுர அடி தேவை. வட்ட மேசை போட்டுச் சுற்றி உட்கார வைப்பதானால் 12 முதல் 15 சதுர அடி. 60 அடிக்கு 80 அடி ஹால் என்று வையுங்கள், 4,800 சதுர அடி. மேடை, மேடைக்கு முன்னால் போட்டோக்காரர்கள் நிற்கும் இடம், நடைபாதைகள் எல்லாம் சேர்ந்து 800 சதுர அடி போய்விடும். மீதி 4,000. நாற்காலி வரிசை என்றால் ஐந்நூறு பேர் வசதியாக உட்காரலாம். வட்ட மேசை என்றால் முந்நூறு பேர்தான். ஒரே ஹால், எப்படி உட்கார வைக்கிறோம் என்பதில் இருநூறு பேர் வித்தியாசம் வருகிறது. 5 அடி விட்டமுள்ள மேசையைச் சுற்றி எட்டுப் பேர், 6 அடி என்றால் பத்துப் பேர். அதற்கு மேல் நெருக்கினால் முழங்கை இடிக்கும்.

ரொம்பப் பெரிய இடமும் வேண்டாம். இருநூறு பேரை ஆயிரம் பேருக்கான ஹாலில் உட்கார வைத்தால் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போவார்கள். கல்யாணக் களையே வராது. நானாக இருந்தால் கொஞ்சம் நெருக்கமான இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், நடக்க வழியும் வெளியேற வாசலும் சரியாக இருந்தால்.

எப்போது போய்ப் பார்ப்பது

மண்டபங்கள் வார நாளில் காலை பதினோரு மணிக்கு, காலியாக, பளிச்சென்று இருக்கும். அப்போது பார்த்து மயங்காதீர்கள். உங்கள் நிகழ்ச்சி எந்தக் கிழமை, எந்த நேரமோ அதே நேரத்தில் ஒருமுறை போங்கள். வாசலில் வண்டி நெரிசல், மேற்கு ஜன்னல் வழியாக மேடையில் அடிக்கும் வெயில், பக்கத்துக் கட்டிடத்தின் சத்தம் எல்லாம் அப்போதுதான் தெரியும்.

முடிந்தால் இன்னொருவர் நிகழ்ச்சி நடக்கும் நாளில், அவர்கள் சம்மதத்தோடு, கடைசி ஒரு மணி நேரம் ஓரமாக நின்று கவனியுங்கள். நான் முதலில் போவது கழிப்பறைக்குத்தான். நிகழ்ச்சி முடியும் நேரத்திலும் தரை ஈரமில்லாமல், குழாயில் தண்ணீர் வந்து, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதென்றால் அந்த இடத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று நம்பலாம். பெண்கள் பக்கத்தில் எத்தனை அறைகள் என்று எண்ணுங்கள். ஆண்களுக்கு எவ்வளவோ அதே அளவுதான் பெண்களுக்கும் என்றால் வரிசை நிச்சயம், ஏனென்றால் அவர்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவை, குழந்தைகளும் பெரும்பாலும் அவர்களோடுதான் போகும்.

அந்த நடை

இப்போது வயதானவரை மனதில் நிறுத்துங்கள். வண்டி நேராக வாசல் வரை வருமா, இல்லை நூறு அடி நடக்க வேண்டுமா? மழை பெய்தால் தலைக்கு மேல் கூரை உண்டா? வாசலில் படி எத்தனை? சாய்வுப்பாதை இருக்கிறது என்பார்கள், அதன் சரிவைப் பாருங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கர நாற்காலிக்கு ஏற்ற அளவு. அரை அடி உயரமுள்ள மூன்று படிக்கு 18 அடி நீளச் சாய்வு வேண்டும். 5 அடியில் செங்குத்தாகக் கட்டியிருந்தால் அது சாமான் ஏற்றுவதற்கு, மனிதர்களுக்கு உதவாது. கதவுகளின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். கழிப்பறைக் கதவையும் அளந்துவிடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் குறையும்.

ஹால் மாடியில் இருந்தால் லிஃப்டைக் கணக்குப் போடுங்கள். எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட், ஒருமுறை மேலே போய்த் திரும்ப இரண்டு நிமிடம், வருகிறவர்கள் முந்நூறு பேர். முப்பத்தெட்டு நடை, ஒன்றேகால் மணி நேரம். இளையவர்கள் படியில் ஏறிவிடுவார்கள், சரி. ஆனால் அதே லிஃப்டில்தான் சாப்பாட்டுப் பாத்திரங்களும் பூக்கூடைகளும் ஏறப் போகின்றனவா என்று கேளுங்கள். "ஆமாம்" என்றால் யோசியுங்கள்.

உட்காரும் இடத்திலிருந்து மேடை தெரிகிறதா என்று முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசை மூன்றிலும் உட்கார்ந்து பாருங்கள், நின்று பார்த்தால் தெரியாது. தூண் மறைக்கும் இடங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து சாப்பாட்டுக் கூடம், கை கழுவும் இடம், கழிப்பறை, திரும்ப இருக்கை என்று அவர் வேகத்திலேயே நடந்து வாருங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். நீங்கள் அரை நிமிடத்தில் கடக்கும் தூரம் அவருக்கு மூன்று நிமிடம் ஆகலாம்.

சாப்பாட்டுக் கூடம்

விருந்தினர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் குறைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. அறுநூறு பேர் சாப்பிட வேண்டும், கூடத்தில் இருநூறு இருக்கை. ஒரு சுற்று சாப்பிட அரை மணி, துடைத்து அடுத்த சுற்றுக்குத் தயாராக்கப் பத்து நிமிடம். மூன்று சுற்றுக்கு இரண்டு மணி நேரம். உங்கள் நிகழ்ச்சி நிரல் அந்த இரண்டு மணி நேரத்தைத் தருமா என்று பாருங்கள். இருக்கை நூறுதான் என்றால் நான்கு மணி நேரம், கடைசிச் சுற்றில் உட்காருபவர்கள் பசியில் வாடிப்போவார்கள்.

காத்திருப்பவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதையும் பாருங்கள். சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கும்படியான அமைப்பு இரண்டு பேருக்கும் சங்கடம். கூடத்துக்கு வெளியே உட்கார ஒரு தாழ்வாரமோ வராந்தாவோ இருந்தால் அந்த இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். உள்ளே போகவும் வெளியே வரவும் தனித்தனி வழி இருந்தால் இன்னும் நல்லது. அவரவர் எடுத்துச் சாப்பிடும் முறை என்றால் மேசையின் இரு பக்கமும் வரிசை விட முடியுமா என்று பாருங்கள், அதிலேயே காத்திருப்பு பாதியாகிவிடும்.

சமையலை வெளியிலிருந்து அழைத்து வருவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன் சமையல்காரரை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள். உங்கள் கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது, கழுவிய நீர் எங்கே போகிறது, புகை போக வழி உண்டா, சமையலறையிலிருந்து பரிமாறும் இடத்துக்குப் பாத்திரத்தோடு எத்தனை வாசற்படி தாண்ட வேண்டும் என்றெல்லாம் பார்ப்பார். மண்டபத்தாரின் சமையல் மட்டும்தான் அனுமதி என்றால் அதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். அலங்காரம், மைக் செட், போட்டோ ஆகியவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும். வெளியாட்களை விடுகிறோம் என்று சொல்லிவிட்டு அதற்குத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்கள் உண்டு.

குளிர், மின்சாரம், சத்தம்

ஏசி ஹால் என்று பலகையில் எழுதியிருப்பது காலி ஹாலுக்கு உண்மையாக இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்நூறு பேர் என்றால் 50 கிலோவாட். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். ஆக, உடம்புச் சூட்டை மட்டும் தணிக்கவே 14 டன்னுக்கு மேல் வேண்டும். வெயில், மேடை விளக்குகள், திறந்து மூடும் கதவுகள் எல்லாம் இதற்கு மேல். மொத்தம் எத்தனை டன், எல்லாம் வேலை செய்கின்றனவா, விருந்தினர் வருவதற்கு எவ்வளவு நேரம் முன்பே போட்டுவிடுவார்கள் என்று கேளுங்கள். கூட்டம் நிறைந்த பிறகு போட்டால் குளிர்வதற்குள் பாதி நிகழ்ச்சி முடிந்துவிடும்.

ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டால் உண்டு என்பார்கள். அதில் எதெல்லாம் ஓடும் என்று கேட்க வேண்டும். விளக்கும் மைக்கும் மட்டுமா, ஏசியும் லிஃப்டும் தண்ணீர் மோட்டாருமா? அதன் திறன் 125 கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) என்று எழுதியிருந்தால் பொதுவாக 100 கிலோவாட் அளவுக்குத்தான் சுமை தாங்கும். டீசல் யார் செலவு, மின்சாரம் போனால் அதைப் போட ஆள் இருப்பாரா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சத்தத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். ஓசை சட்டென்று அடங்கினால் நல்லது. இழுத்துக்கொண்டே போனால், அன்று மைக்கில் பேசுவது ஒன்றும் புரியாது, புரியவில்லையே என்று ஒலியைக் கூட்டுவார்கள், அது இன்னும் குழம்பும். கூட்டம் வந்தால் எதிரொலி கொஞ்சம் குறையும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். 85 டெசிபல் வரை எட்டு மணி நேரம் கேட்டால் காதுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்பது பொதுவான வரையறை. 100 டெசிபல் என்றால் அது பதினைந்து நிமிடமாகச் சுருங்கிவிடும். ஸ்பீக்கருக்கு முன்னால் பெரியவர்களும் கைக்குழந்தைகளும் உட்காரும்படி இல்லாமல், ஓரமாகக் கதவு சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய அறை இருக்கிறதா என்று பாருங்கள். பால் கொடுக்க, மாத்திரை போட, பத்து நிமிடம் காலை நீட்ட அந்த அறை எவ்வளவு உதவும் என்று அன்றுதான் தெரியும்.

வெளியேறும் வழி

இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம், நல்ல காரியத்தில் கெட்டதை ஏன் பேசுவது என்று. பேசித்தான் ஆக வேண்டும். 2023 செப்டம்பரில் இராக்கின் கராகோஷ் நகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் வாணவேடிக்கை கொளுத்தினார்கள். எளிதில் தீப்பிடிக்கும் பொருளால் ஆன கூரைத் தகடுகளில் நெருப்புப் பற்றி, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதனால் மேலே அண்ணாந்து பாருங்கள். கூரை எதனால் ஆனது, அலங்காரத் துணியும் தெர்மாகோலும் விளக்கை ஒட்டித் தொங்குகின்றனவா? வந்த வாசலைத் தவிர வேறு வாசல்கள் எத்தனை, எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றனவா, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா? கூட்டம் நெருக்கும்போது உள்பக்கமாகத் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. ஐந்நூறு பேருக்கு மேல் கூடும் இடத்தில் மூன்று வழிகளாவது, ஆயிரத்தைத் தாண்டினால் நான்காவது இருக்க வேண்டும் என்று பல நாடுகளில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு விதி சொல்கிறது. பின்வாசலில் பழைய நாற்காலிகளை அடுக்கி, பூட்டும் போட்டிருந்தால் அதை வாசல் என்று எண்ணாதீர்கள். தீயணைப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அதன் தேதியையும் பாருங்கள். உள்ளே வாணவேடிக்கை வேண்டாம் என்று உங்கள் அலங்காரக்காரரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வண்டிகளுக்கு

கார் ஒன்றுக்கு, திருப்பும் வழியையும் சேர்த்து, ஏறத்தாழ 300 சதுர அடி வேண்டும். "நூறு கார் நிறுத்தலாம்" என்று சொன்னால் இடம் 30,000 சதுர அடியாவது இருக்கிறதா என்று கண்ணால் மதிப்பிடுங்கள். பேருந்தோ ரயிலோ பிடித்து வருபவர்கள் அதிகம் என்றால், நிலையத்திலிருந்து மண்டபத்துக்கும், இரவு மண்டபத்திலிருந்து நிலையத்துக்கும் வண்டி கிடைக்குமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

பணமும் காகிதமும்

வாடகை என்று அவர்கள் சொல்லும் தொகையை மட்டும் வைத்து இரண்டு மண்டபங்களை ஒப்பிடாதீர்கள். அதில் எது அடக்கம், எது தனி என்று கேட்டு எழுதுங்கள். மின்சாரம், டீசல், தண்ணீர், சுத்தம் செய்யும் கட்டணம், நாற்காலி மேசை, பாத்திரம், வண்டி நிறுத்துமிடக் காவலர், வரி எல்லாவற்றையும் ஒரே தாளில் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்று தெரியும். குறைந்த வாடகை சொன்ன இடம் கடைசியில் கூடுதலாக முடிந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

நேரத்தை மணிக்கணக்கில் எழுதி வாங்குங்கள். "ஒரு நாள் வாடகை" என்றால் எந்த மணி முதல் எந்த மணி வரை? அலங்காரக்காரர் எப்போது உள்ளே வரலாம்? தாமதமானால் மணிக்கு எவ்வளவு? ஒரு நண்பர் கல்யாணத்தில் கடைசிச் சுற்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த நிகழ்ச்சிக்காரர்களின் ஏணியும் துணிமூட்டையும் ஹாலுக்குள் வந்துவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காலி செய்யும் நேரம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதே கட்டிடத்தில் அதே நாளில் வேறு நிகழ்ச்சி உண்டா என்பதையும் கேளுங்கள். இருந்தால் வாசல், லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பங்காகிவிடும்.

ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், தேதி மாற்ற வேண்டியிருந்தால் முன்பணம் அப்படியே நகருமா, அரசுத் தடையோ வெள்ளமோ தொற்றோ வந்தால் என்ன, மண்டபத்தார் பக்கத்திலிருந்தே ரத்தானால் என்ன? 2020-ல் உலகம் முழுவதும் கல்யாணங்கள் தள்ளிப்போனபோது, இதை எழுதி வாங்காதவர்கள் கொடுத்த முன்பணத்துக்காக அலைந்தார்கள். வாய்வார்த்தையில் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் தேதி வரும்போது அந்த மேனேஜர் அங்கே வேலையில் இருக்க மாட்டாரோ என்னவோ. பேசியதையெல்லாம் அன்று மாலையே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். அதற்கப்புறம் முன்பணம், கையோடு ரசீது.

முடிவெடுக்கும்போது வீட்டில் ஆளுக்கொரு இடம் பிடிக்கும். மணமக்களை ஒருமுறை நேரில் கூட்டிப் போய், மேடையில் நிற்க வைத்து, அவர்களுக்கு மனம் ஒப்புகிறதா என்று கேளுங்கள். மேடையும் விளக்கும் அலங்காரத்தால் மாற்றக்கூடியவை. படிகள், தூண்கள், கழிப்பறை, வாசல்கள் மாறாது. இரண்டு இடங்களுக்கு இடையில் மனம் ஊசலாடினால் மாறாதவை எங்கே நன்றாக இருக்கின்றனவோ அதையே எடுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சாவி கைக்கு வரும் நேரத்தில், வீட்டில் பொறுப்பான ஒருவரைக் கடைசியாக ஒருமுறை அனுப்புங்கள். மின்மீட்டரில் இருக்கும் எண்ணையும், ஏற்கெனவே உடைந்த கண்ணாடி, கீறல் விழுந்த சுவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுக்கட்டும். எல்லா வாசல்களும் திறக்கின்றனவா என்று அவரே தள்ளிப் பார்க்கட்டும். மின்வேலைக்காரர், காவலாளி, லிஃப்ட் ஆள் மூவரின் போன் எண்களையும் வாங்கி, கல்யாண வேலையில் ஓடாத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலருகே, முதல் வரிசையில், முதுகு சாய்கிற இரண்டு நாற்காலிகளைப் போட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.